பன்றிச் சாக்கில் தூங்கிய செவலை

"…அதுகூடப் பரவாயில்ல யக்கா. பயந்து ஓடுற நாயப் பாத்திருக்கேன், கண்டுக்கிடாமப் போற நாயப் பாத்திருக்கேன். பன்னி பொரண்ட குழியில எறங்கி, மூணு சுத்துச் சுத்தி, வாலச் சுருட்டிப் படுத்துத் தூங்குற நாய இன்னிக்குத்தான் பாக்குறேன். இதுகளுக்குக் காவலா நான் வேற ஒரு நாயி வளக்கணும் போலருக்கு" என்று முடித்தார் தோக்குக்காரர்.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை. ஓடையோரச் சேற்றுக்குழியில் என் மூன்று குட்டிகளும் ஒன்றன் மேல் ஒன்று தலைவைத்துக் கண்ணை மூடியிருந்தன. செவலைக்கு லேசாகக் குறட்டை வேறு. என் வீட்டுக்காரர் திடீரென்று பனைமரத்தில் எத்தனை குலை இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்துவிட்டார். நான் கையிலிருந்த அலுமினியத் தட்டையும் கரண்டியையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன்.

மலையாளம் கலந்த எங்கள் எல்லைப் பக்கத்தில் துப்பாக்கியைத் தோக்கு என்றுதான் சொல்லுவோம். தோக்குக்காரர் ஆனைக்கரைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவர். பெண் எடுத்த ஊர் எங்கள் ஊர். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி வைத்திருப்பதால், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட பஞ்சாயத்து அவருக்கும் அவர் கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் உத்தரவு கொடுத்திருக்கிறது. சுட்ட பன்றியைக் குழி தோண்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்துவிட வேண்டும், அவ்வளவு கறார். ஆனால் பன்றி என்ன வெட்டவெளியில் வந்து நிற்குமா? பகலில் உண்ணிமுள் புதருக்குள் படுத்துக்கிடக்கும். அதை எழுப்பி, ஓடவிடாமல் முன்னால் நின்று குரைத்து நிறுத்த நாய் வேண்டும். அவருடைய மூத்த நாயின் தொடையைப் பன்றி கிழித்துவிட்டது. அதற்கப்புறம் அது வாசலைத் தாண்டுவதில்லை.

போன போகத்தில் எங்கள் கடலைக்காட்டில் பாதியைப் பன்றி தின்றது. தின்றால்கூட மனசு ஆறும். மூக்கால் உழுது போட்டிருந்தது. "வெதைக்கறவனுக்கு ஒரு கண்ணு, பன்னிக்கு ரெண்டு கண்ணு" என்று கடைமுக்கில் மளிகை வைத்திருக்கும் ராவுத்தரண்ணன் சொன்னார். அவர் பேச்சைக் கேட்கவே நான் அரைக்கிலோ சர்க்கரையை இரண்டு தடவையாக வாங்குவேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. தாய் சிப்பிப்பாறைக் கலப்பு. இடுப்பு ஒட்டி, கால் நீண்டு, ஓடினால் காற்று பிளக்கும். தகப்பன் யாரென்று கேட்டால் ஊரே சிரிக்கும். மதகடியில் படுத்திருக்கும் நாட்டுநாய், ஒரு காது மடங்கியது, எந்த லாரிக்கும் எழுந்திருக்காதது. ஐந்து குட்டியில் இரண்டைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். செவலைப் பொட்டை, கறுப்பன், பிறவியிலேயே வால் குட்டையான மொட்டைவால் மூன்றும் நின்றன. தாயின் ஓட்டமும் தகப்பனின் அசையாத மனசும் ஒரே உடம்பில் வந்தால் அதுதான் பன்றிநாய் என்று தோக்குக்காரரே ஒருநாள் சொல்லியிருந்தார். அதைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கமா வரும்?

"வாசம் பழக்கோணும்மா" என்றார் ராவுத்தரண்ணன். "பொறந்த புள்ளைக்கு அம்மா வாசமாட்டம், குட்டிக்குப் பன்னி வாசம் பழகிடுச்சுன்னா, அப்பறம் ஊரு தாண்டி இருந்தாலும் மோந்து புடிச்சிரும்." சொன்னதோடு இரண்டு காலிச் சணல் சாக்கும் கொடுத்தார். நான் அதை ஓடையோரம் பன்றி புரண்ட குழியில் ஒருநாள் முழுக்க ஊறவைத்து, நிழலில் காயவைத்து, குட்டிகளுக்குக் கீழே விரித்தேன். வாசம் மங்கினால் மறுபடி ஊறவைப்பேன். குட்டிகள் அதன் மேலேயே பால் குடித்தன, அதன் மேலேயே கண் திறந்தன, மழைக்கு அதற்குள்ளேயே சுருண்டன. வேளாவேளைக்கு ராகிக்களியும் மோரும் கரைத்து, கருவாட்டுத் தலை ஒன்றைக் கிள்ளிப் போட்டு, தட்டில் கரண்டியால் டங் டங்கென்று தட்டுவேன். எங்கே இருந்தாலும் மூன்றும் பறந்து வரும்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. பன்றி வாசம் என்றால் மெத்தை, பன்றி வாசம் என்றால் அம்மா என்று ஆறு மாதமாக நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிறகு நிஜமான பன்றிக்குழியைக் காட்டினால் அதுகள் வேறென்ன செய்யும்? நல்ல பிள்ளைகளாகப் படுத்துத் தூங்கின.

தோக்குக்காரர் சிரித்து முடித்துவிட்டுக் கணக்காகப் பேசினார். "கடல புடுங்க இன்னும் நூறு நாளு கெடக்கு. எழுவது நாளு கழிச்சு வாறேன். ஒரு நாயி, ஒரே ஒரு நாயி பன்னி முன்னால நின்னு கொரைச்சுச்சுன்னா மொத வரப்பு ஒங்க வரப்பு. இல்லன்னா யக்கா, எங்கிட்டக் கேட்டிருக்கவுக வரிசை நீளமா இருக்கு. ஒங்க மொறை வாறதுக்குள்ள பன்னியே கடலையப் புடுங்கி மூட்டை கட்டிரும்." கிளம்பும்போது திரும்பிப் பார்த்தார். "அந்தத் தட்ட மொதல்ல கீழ வைங்க. தட்டுச் சத்தத்துக்கு வாற நாயி கல்யாண மண்டபத்துக்குத்தான் லாயக்கு. விசில் பழக்குங்க."

அன்று மாலையே சாக்கைத் தூக்கி வேலியில் போட்டேன். குட்டிகளுக்குத் தேங்காய்நார் விரித்தேன். மூன்று நாள் தூங்காமல் என்னை முறைத்தன. சரி, படுக்கை போயிற்று. இனி அந்த வாசம் எழுந்து நடக்க வேண்டும், உறும வேண்டும். அதற்கு ஆள்?

"ஏம் புள்ள, நா பன்னியாட்டம் உறுமோணுமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"மெதுவா உறுமுனாப் போதுங்க."

"கல்யாணத்தப்ப இதையெல்லாம் ஆரும் சொல்லுலியே."

ஆனாலும் இறங்கினார். காலை வெயில் ஏறும் முன் சேற்றுச் சாக்கைப் போர்த்திக்கொண்டு, மக்காச்சோளத் தட்டைக்குள் கையையும் முட்டியையும் ஊன்றி நகருவார். நான் குட்டிகளைக் கொண்டுவந்து விடுவேன். எட்ட நின்று குரைத்தால் ஒரு கருவாட்டுத் தலை. கிட்டப் போய்க் கவ்வினால் பன்றி எழுந்து நின்று, சாக்கைச் சுருட்டிக்கொண்டு, பேசாமல் வீட்டுக்குப் போய்விடும். அவ்வளவுதான் பாடம். கவ்வுகிற நாயைப் பன்றி கொம்பு மாதிரி நீண்ட கோரைப்பல்லால் கிழித்துவிடும், அந்த நாய் சுடுகிறவனுக்கும் குறுக்கே நிற்கும் என்று தோக்குக்காரர் சொன்னதை வைத்து நானாக யோசித்துச் செய்த ஏற்பாடு இது.

முதல் வாரம் மூன்றும் அவர் முகத்தை நக்கின. மொட்டைவால் சாக்குக்குள் புகுந்து அவர் முதுகோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. ஒருநாள் பொள்ளாச்சி பஸ் எங்கள் காட்டோரம் நின்றபோது இவர் சோளத்தட்டைக்குள்ளிருந்து சேறும் சாக்குமாகத் தலையை நீட்டினார். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கேட்டார்: "ஏனுங்கண்ணா, ஏறறீங்களா, இல்ல மேஞ்சுட்டு அடுத்த வண்டிக்கு வாறீங்களா?" பஸ் முழுக்கச் சிரிப்பு. சாயங்காலத்துக்குள் செய்தி கடைமுக்குக்குப் போய்விட்டது. ராவுத்தரண்ணன் சர்க்கரையை நிறுத்துக்கொண்டே, "வேஷத்துக்கு ஆளு சரியாத்தான் பாத்திருக்கியம்மா. மீசை மட்டும் கொஞ்சம் வெறப்பா வெக்கச் சொல்லு" என்றார். சாக்கு யோசனை யாருடையது என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. பெரியவர், பாவம்.

மூன்றாவது வாரம் அது நடந்தது. வீட்டுக்காரருக்கு இருமல். அடக்க முடியாமல் சாக்குக்குள்ளிருந்து ஒரு கட்டைக் குரல் வெடித்தது. செவலை நான்கு காலையும் ஊன்றி நின்றாள். முதுகுமுடி சிலிர்த்தது. ஒரு குரைப்பு, அதுவரை அவள் குரைத்ததெல்லாம் குரைப்பே இல்லை என்கிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து வந்தது. சாக்கு இடப்பக்கம் நகர்ந்தால் அவளும் இடப்பக்கம் பாய்ந்தாள். வலப்பக்கம் நகர்ந்தால் அங்கே நின்றாள். நடுவில் எப்போதும் ஒரு ஆள் நீளம் விட்டாள், ஒரு சாண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "உறுமுங்க, உடாதீங்க, உறுமுங்க" என்று நான் கத்த, அவர் இருமிக்கொண்டே உறுமினார். எங்கள் பதினெட்டு வருஷக் குடும்பத்தில் நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சந்தோஷமாக மண்ணில் உட்கார்ந்தது கிடையாது.

கறுப்பன் வேறு மாதிரி தேறினான். சாக்கோடு வேட்டியையும் சேர்த்துக் கவ்வி இழுத்தான். விடவே மாட்டான். அவனை வீட்டுக் காவலுக்கு வைத்துக்கொண்டோம். மொட்டைவால் கடைசிவரை தூங்கினான். அவனை ராவுத்தரண்ணன் கடைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மீதி இருந்தது விசில். இதில்தான் மாட்டிக்கொண்டோம். பொள்ளாச்சி பஸ் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறதோ அத்தனை தடவை கண்டக்டர் விசில் எங்கள் காட்டோரம் ஊதும். பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவள் செவலை. விசில் ஊதினால் காதைக்கூட அசைக்க மாட்டாள். பஸ் போகிறது என்று நினைத்துக்கொள்வாள். எழுபது நாளும் ஊதிப் பார்த்தேன், உதடு வீங்கியதுதான் மிச்சம்.

எழுபதாம் நாள், வெயில் இறங்கும் நேரத்தில் தோக்குக்காரர் கூட்டாளிகளோடு வந்தார். கடலை பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்கி, காய் பால் பிடித்திருந்தது. ஓடையோரம் முந்தின ராத்திரிக் குளம்புத்தடம் ஈரமாகக் கிடந்தது. பன்றி ஐந்தாறு வரிசையை உழுதும் போட்டிருந்தது. இன்னும் நாலைந்து ராத்திரி விட்டால் அறுவடைக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"விசில் பழகியாச்சா?" என்று கேட்டார்.

"பழகிட்டிருக்குதுங்க" என்றேன். பொய். தட்டையும் கரண்டியையும் இடுப்பில் செருகி முந்தானையால் மூடியிருந்தேன்.

என்னையும் வீட்டுக்காரரையும் வரப்பு மேல் பெரிய பனைக்குப் பின்னால் நிறுத்தினார், அங்கிருந்து அசையக் கூடாது என்றார். கூட்டாளிகள் ஓடையின் இரண்டு பக்கமும் போனார்கள். நான் செவலையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அவள் தடத்தை மோந்தாள். ஒரு நொடி, சத்தியமாக ஒரு நொடி, தயங்கினாள். படுத்துவிடுவாளோ என்று நான் பனையைப் பற்றிக்கொண்டேன். வீட்டுக்காரர் என் காதருகே, "நா வேணா ஒருக்கா இருமட்டுமா?" என்றார்.

தேவைப்படவில்லை. உண்ணிமுள் புதருக்குள் சரேலென்று நுழைந்தாள். புதர் ஒரு பக்கமாகக் குலுங்கியது. அப்புறம் அந்தக் குரைப்பு, அடிவயிற்றுக் குரைப்பு. கறுப்பாக, என் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஒற்றைப்பன்றி புதரைக் கிழித்துக்கொண்டு ஓடை மணலுக்கு வந்து நின்றது. முன்னால் செவலை. பன்றி பாய்ந்தால் விலகினாள், திரும்பினால் மறித்தாள். அதே ஒரு ஆள் நீளம். பன்றியின் மூச்சு எனக்குக் கேட்டது. தூக்கிய கொம்பு வெள்ளையாகத் தெரிந்தது. தோக்குக்காரர் ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்து குறி வைத்தார்.

சுடவில்லை. பன்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் நடுவில் செவலை இருந்தாள். அவர் விசிலடித்தார். அவள் காதை அசைக்கவில்லை. மறுபடி அடித்தார். பன்றி தலையைத் தாழ்த்தி எங்கள் கடலைக்காட்டுப் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. இன்னும் இரண்டு பாய்ச்சலில் ஒன்று நாய் கிழிபடும், இல்லை பன்றி காட்டுக்குள் போய்விடும். அவர் குறியிலிருந்து கண்ணை எடுக்காமலே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "யக்கா, தட்டு எங்க?"

எப்போது வெளியே எடுத்தேன் என்று தெரியாது. டங் டங் டங். செவலை காற்றிலேயே திரும்பினாள். மணல் தெறிக்க என்னைப் பார்த்துப் பறந்து வந்தாள். அவள் வரப்பில் ஏறவும் பின்னால் வெடி கேட்கவும் சரியாக இருந்தது. பனையிலிருந்து காக்கைகள் எல்லாம் கிளம்பின. பன்றி நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

செவலை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டு அடித்தால் தட்டில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து கருவாட்டுத் தலைகளை அள்ளிப் போட்டார். மனுஷன் எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறார். ஓடையின் மேற்கு வளைவிலிருந்து ஒரு கூட்டாளி, அங்கேயும் புதர் அசைகிறது என்று கை காட்டினார்.

தோக்குக்காரர் வரப்பேறி வந்தார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவரோ செவலை தட்டை நக்கி முடிக்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்தார். பிறகு தட்டை எடுத்துத் தோள்துண்டால் துடைத்தார். என் கையிலிருந்து கரண்டியையும் வாங்கி, இரண்டும் உரசிச் சத்தம் போடாதபடி துண்டில் தனித்தனியாகச் சுற்றி, தோட்டாப் பையில் மேலாக வைத்து, செவலையை முன்னால் விட்டுவிட்டு மேற்கு வளைவைப் பார்த்து நடந்தார்.