விருத்தகிரிக்கு ஓர் உண்டியல்

இடது கை உண்டியலின் வயிற்றைத் தாங்கியிருந்தது. வலது கை கத்தியைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு பாதி அச்சுகளும் சேர்ந்த இடத்தில் வரப்பு போல எழும்பி நின்ற மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பாதி காய்ந்த மண். அழுத்திச் சுரண்டினால் பள்ளம் விழும், பயந்து சுரண்டினால் தழும்பு நிற்கும். அந்தக் கைக்கு இரண்டும் நேர்ந்து பல வருஷம் ஆயிற்று. வரப்பு போனதும் ஈர ஸ்பாஞ்சு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. உண்டியல் கவிழ்ந்தது. அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை போட்டாகிவிட்டது. உள்ளே காற்று அடைபட்டுக் கிடந்தால் சூளையில் வெடித்துவிடும். துளைக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் இரண்டு தரம் அழுந்தி எழுந்தது. பிறை போல இரண்டு கீறல், பக்கத்தில் பக்கத்தில்.

அது கனகாவின் அடையாளம். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் அந்தக் கொட்டகையில் வேலை செய்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் இப்படி ஒன்று உண்டு. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. யார் முடித்தது எத்தனை என்று சனிக்கிழமை எண்ணும்போது சண்டை வரக்கூடாது என்பதற்காக அடியில் நகம் பதிப்பார்கள். ஆதிலட்சுமிக்கு ஒற்றைக் கோடு. கனகாவுக்கு இரட்டைப் பிறை.

இனிக் காசு போடுகிற வாய் ஒன்றுதான் பாக்கி.

"யாருக்குடி இது, இவ்ளோ பெருசா?" என்றாள் ஆதிலட்சுமி.

"சிக்கனத் திலகத்துக்கு."

"நம்ம கிளார்க்கு சாருக்கா? அவருக்கு எதுக்குடி உண்டியலு? அவரு காசுக்குத்தான் வெளிய போகவே வழி தெரியாதே."

விருத்தகிரி ரேஷன் கிடங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். திட்டக்குடிப் பக்கம். பெண்ணாடம் ரோட்டில் கனகா குடியிருக்கிற வரிசை வீட்டில், அவளுக்கு அடுத்த வீடு. ஓய்வு பெற்ற நாளிலிருந்து கொட்டகை முதலாளி பழமலைக்குச் சம்பளம் வாங்காமல் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார். சம்பளம் இல்லையே தவிர, காலைப் பேப்பர் அங்கே, பதினோரு மணி டீ அங்கே, சொந்தக்காரர்களுக்குப் பேசுகிற போனும் அங்கேதான். சவரம் செய்துகொள்ள வெந்நீர்கூட அங்கே வைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

அவர்தான் அந்த வருஷம், இரண்டாயிரத்து மூன்று சித்திரையில், பழமலையின் காதில் ஒன்றை ஓதினார். கூலியாட்கள் அட்வான்ஸ் கேட்டு வந்து நிற்பது வருமானம் போதாமல் அல்ல, செலவு செய்யத் தெரியாமல். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் அன்றாடச் செலவை எழுதட்டும். மாதாமாதம் நான் பார்க்கிறேன். கணக்கு ஒழுங்காக இருக்கிற வீட்டுக்கு மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள். பழமலைக்கு இது பிடித்துப்போயிற்று. அட்வான்ஸ் கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தால் எந்த முதலாளிக்குப் பிடிக்காது? எல்லாருக்கும் வழிகாட்டியாக விருத்தகிரியே தன் வீட்டுக் கணக்கையும் எழுதிக் காட்டினார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு மாதம் அரைக் கிலோ சர்க்கரை. எண்ணெய் முக்கால் லிட்டர். டீத்தூள் நூறு கிராம். பழமலை அதைப் பார்த்துவிட்டுக் கண் கலங்காத குறை. ஆடிப் பதினெட்டுக்கு எல்லார் முன்னாலும் அவருக்கு மாலை போட்டு, பெரிய உண்டியல் ஒன்று பரிசாகக் கொடுப்பது என்று முடிவானது.

அரைக் கிலோ சர்க்கரையில் ஒரு மாதம் எப்படி ஓடுகிறது என்று அந்த வரிசை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சாயந்திரம் விளக்கு வைப்பதற்குச் சற்று முன்னால் சொர்ணாம்பாள், விருத்தகிரியின் மனைவி, கனகாவின் வாசலில் வந்து நிற்பாள். விளக்கு வைத்த பிறகு உப்பு, மோர், ஊசி எதையும் யாரும் வெளியே தரமாட்டார்கள் அல்லவா, அதனால் அதற்கு முன்னால்.

"கனகா, ஒரு வாய் சக்கர இருந்தா குடேன். கடைக்குப் போவணும்னு இருந்தாரு, போவல."

சர்க்கரை, டீத்தூள், தாளிக்க எண்ணெய், நாலு மிளகாய், உறைக்கு மோர். எந்த நாளும் அவர் கடைக்குப் போகவில்லை. கேட்டு வந்தவளை இல்லை என்று அனுப்பிக் கனகாவுக்குப் பழக்கமில்லை. சொர்ணாம்பாள் கையில் ஏனம், கிண்ணம் எதுவும் கொண்டுவரமாட்டாள். கொண்டுவந்தால் வாங்கத்தான் வந்தாள் என்று தெரிந்துவிடுமாம். கனகா வீட்டில் கிடக்கிற கோணல் கப்பு ஒன்றில் போட்டுக் கொடுத்து அனுப்புவாள். சூளையில் வாய் கோணிப்போனவற்றைச் செய்தவர்களே எடுத்துப் போகலாம் என்பது கொட்டகை வழக்கம். அதனால் கப்புக்குப் பஞ்சமில்லை. போன கப்பு திரும்பி வந்ததும் இல்லை. கொடுத்ததை யாரும் எழுதிவைப்பதும் இல்லை. அப்படி எழுதினால் அந்த வரிசை வீட்டில் குடியிருக்க முடியாது.

எனவே கனகாவின் கணக்கில் மூன்று பேருக்கு மாதம் இரண்டு கிலோ சர்க்கரை என்று இருந்தது. பொய் எழுத அவளுக்கு வராது. தானும் புருஷனும் பழைய சோற்றில் காலையை ஓட்டியதையும், பேட்டைக்கு நடந்தே போய் மிச்சம் பிடித்த பஸ் காசையும் எழுத அதில் இடமில்லை. வாங்கியதற்குத்தான் இடம்.

அவளுக்கு இப்போது மூவாயிரம் ரூபாய் வேண்டும். மகள் துர்காவுக்குச் சிதம்பரத்தில் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்து, முதல் தவணை கட்டி இந்த மாதம் சேர்த்தும் ஆயிற்று. இரண்டாம் தவணை ஆடி முடிவதற்குள் கட்டவேண்டும். இல்லையென்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துர்கா பஸ் ஏறி வந்துவிட வேண்டியதுதான்.

உண்டியலுக்கு வாய் வெட்டக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் விருத்தகிரி வந்தார். கையில் சிவப்புப் பேனா. அது கொட்டகை பேனா.

"ஏம்மா கனகா, அட்வான்ஸ் கேட்டிருக்கியாமே."

"ஆமாங்க சார். பொண்ணு பீசுக்கு."

"பொண்ணப் படிக்க வைக்கறது சரி. மொதல்ல நீ படிக்கணும். மூணு பேருக்கு ரெண்டு கிலோ சக்கரயா? எறும்பு வளக்கறியா?"

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தன் பேச்சுக்குக் கிடைத்ததாக எடுத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தார்.

"டீத்தூளு அர கிலோ. எண்ணெய் மூணு லிட்டரு. எங்க வூட்டப் பாரு. சொர்ணம் எப்படி நடத்துறான்னு போய்ப் பாத்துக் கத்துக்க. பக்கத்துலதான இருக்குது வூடு?"

"தினம் பாத்துக்கிட்டுத்தாங்க சார் இருக்கறேன். வெளக்கு வைக்கறதுக்கு முன்னாடி."

அது அவருக்கு உறைக்கவில்லை. உறைக்கிற தோலாக இருந்தால் பேட்டையில் இவ்வளவு டீ குடித்திருக்க முடியாது. "ஓட்டக் கையிம்மா ஒனக்கு" என்றார். "மொதலாளிகிட்ட அடுத்த வருசம் பாக்கலாம்னு சொல்லிட்டேன்." போகும்போது உண்டியலைப் பார்த்தார். அது யாருக்கு என்று அவருக்குத் தெரியும். தெரியாதது போல, "வாய் கொஞ்சம் அகலமா வைம்மா. அஞ்சு ரூவா நாணயம் தடியா இருக்குது" என்றார்.

கனகா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வெட்டலையாடி?" என்றாள் ஆதிலட்சுமி.

"வெட்டல."

உண்டியல் அப்படியே காய்ந்தது, வெந்தது. வர்ணம் பூசும்போது மேலே சுற்றித் தாமரை இதழ் எழுதி, வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பச்சை இலையை எழுதினாள். யாரும் கவனிக்கவில்லை. பழமலை தூக்கிப் பார்த்து, "லட்சணமா இருக்குது" என்று சொல்லி, ஜிகினாத் தாள் சுற்றச் சொன்னார்.

ஆடிப் பதினெட்டு அன்று மத்தியானம் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி ஜமுக்காளம் விரித்தார்கள். சாமி படத்துக்குப் பூ, தட்டில் சுண்டல், நாற்காலியில் விருத்தகிரி. வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டிருந்தது. பெட்டிக்குப் போட்ட கரி யார் வீட்டுக் கரியோ. சொர்ணாம்பாள் பெண்களோடு தரையில் ஓரமாக உட்கார்ந்தாள். பழமலை பேசினார். சிக்கனம் என்றார், சேமிப்பு என்றார், இவரைப் போல நாலு பேர் இருந்தால் விருத்தாசலம் சிங்கப்பூர் ஆகிவிடும் என்றார். அப்படி நாலு பேர் இருந்தால் அவர்கள் சர்க்கரைக்கு யார் வீட்டுக்குப் போவார்கள் என்று கனகா யோசித்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு முடிகிற நேரத்தில் டீ வந்தது. பேட்டை வாசலில் கடை வைத்திருக்கிற தங்கராசு, கண்ணாடி கிளாசுக்குப் பதில் பீங்கான் கப்புகளில் ஊற்றிக் கொடுத்தார். கூட்டம் அதிகம், கிளாசு போதவில்லை என்றார்.

பீங்கான் வேலை செய்கிற பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் டீயைக் குடித்து முடித்ததும் கப்பைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார்கள். யார் கை என்று தெரிந்துகொள்ளாமல் கீழே வைக்கமாட்டார்கள். கிளார்க்கு வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஆதிலட்சுமி கவிழ்த்தாள். "ஏண்டி கனகா, இது ஒன்னுதுடி."

பக்கத்தில் இருந்தவள் கவிழ்த்தாள். "இதுவும் அவளுதுதான். ரெட்டப் பெற."

ஜமுக்காளம் முழுக்கக் கப்புகள் கவிழ்ந்தன. எல்லாவற்றிலும் இரட்டைப் பிறை. எல்லாவற்றுக்கும் வாய் கோணல்.

"தங்கராசண்ணே, இந்தக் கப்பெல்லாம் எங்க புடிச்சீங்க?" என்று ஆதிலட்சுமி கூப்பிட்டுக் கேட்டாள்.

"எங்கன்னா? நாற்காலில குந்தியிருக்காரே, சாருதான் குடுத்தாரு. ஒண்ணு ஒன்ற ரூவா. நாப்பதுக்கு மேல இருந்திச்சி. வூட்ல எடத்த அடைக்குதுன்னாரு. நான் ஒரு ரூவாய்க்குக் கேட்டன், எறங்கி வரல மனுசன்."

ஆதிலட்சுமிதான் வாயைத் திறந்தாள்.

"சக்கர குடுத்தது இவ. கப்பு குடுத்தது இவ. காசு வாங்குனது அவரா? யம்மா, இதுல்ல சிக்கனம்!"

சிரிப்பு கூரையில் போய் முட்டியது. பழமலைக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் விருத்தகிரியைப் பார்க்காமல் சாமி படத்தைப் பார்த்தார்.

விருத்தகிரி எழுந்திருக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை. தெரியாத குழந்தைகளுக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்: "வீணாக் கெடக்கற பொருளைக் காசாக்கறதுதாம்மா சிக்கனம். அதத்தான் ஒங்களுக்கெல்லாம் சொல்லித் தரேன்."

"நான் அப்பவே சொன்னன், திருப்பிக் குடுத்துடலாம்னு" என்று சொர்ணாம்பாள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவளைப் பார்க்கத்தான் கனகாவுக்குப் பாவமாக இருந்தது. தினமும் வாசலில் வந்து நின்றவள் அவள், மாலை அவருக்கு.

கனகா எழுந்து நின்றாள். "மொதலாளி, ரெண்டு கிலோ சக்கர எங்க போவுதுன்னு சாரு கேட்டாரு. இப்ப சொல்லட்டுங்களா?"

"வேணாம்மா, வேணாம்" என்றார் பழமலை அவசரமாக. "நல்ல நாளும் அதுவுமா... நாளைக்கி வந்து மூவாயிரத்த வாங்கிக்க. போ."

"இன்னைக்கே குடுத்துடுங்க மொதலாளி. நாளைக்கின்னா சாரு மறுபடியும் செவப்புப் பேனாவோட வந்துடுவாரு."

மறுபடியும் சிரிப்பு. பழமலை மேசை இழுப்பறையைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். கனகா அங்கேயே நின்று, விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு நோட்டாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் சேத்தியாத்தோப்பு வழியாகப் போனால் ஆபீஸ் திறக்கும்போது சிதம்பரத்தில் நிற்கலாம்.

இதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் மாலை வாங்கியாகிவிட்டது. வாங்கிய மாலையை வீணாக்கப் பழமலைக்கு மனம் வரவில்லை; அவரும் கணக்குப் பார்க்கிறவர்தான். மாலையை விருத்தகிரியின் கழுத்தில் போட்டார். அவரும் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டார். "கனகா, நீ செஞ்சதுதான? நீயே குடுத்துடு" என்றார் பழமலை. தன் கையால் கொடுக்க அவருக்கே கூசியது போலிருக்கிறது.

கனகா ஜிகினாத் தாளைப் பிரித்தாள். தாமரை இதழும் பச்சை இலையுமாக உண்டியல் பளபளத்தது. விருத்தகிரியின் கண் முதலில் தேடியது வாயைத்தான். மேலே பார்த்தார், பக்கத்தில் பார்த்தார், கழுத்தை வளைத்துப் பின்பக்கமும் பார்த்தார்.

"எங்கம்மா, காசு போடற எடத்தக் காணோம்?"

"ஒங்க கையில இருந்து ஒரு பொருளு எறங்கி நாங்க பாத்ததில்லீங்களே சார்" என்றாள் கனகா. "அதான் வைக்கல. மண்ணு வீணாப் போவாதுல்ல. சிக்கனம்."

நீட்டிய உண்டியலை அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இலவசமாக வந்த எதையும் அவர் வேண்டாம் என்றதில்லை. இரண்டு கையாலும் அடியைத் தாங்கி வாங்கிக்கொண்டார். ஊசித் துளைக்குப் பக்கத்தில், அவர் விரலுக்கடியில், இரண்டு பிறையும் பத்திரமாக இருந்தன.