தட்டாமல் யாரும் வரமாட்டார்கள்

பெரியசாமிக்கு ஹெவி லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. மீஞ்சூரில் டிரைவிங் ஸ்கூல் வைத்து இருபத்தேழு வருஷம் ஆகிறது. என்னிடம் படித்தவர்களில் பாதிப்பேர் இன்னும் கிளட்சை மிதித்துக்கொண்டே ஓட்டுகிற பேர்வழிகள். அவர்களைத் திட்டித் திட்டியே என் தொண்டை கெட்டது. பெரியசாமியை மட்டும் நான் ஒரு நாளும் திட்டியதில்லை.

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிற குடும்பம் அவனுடையது. வலை கிடையாது, படகு கிடையாது. முழங்காலளவு தண்ணீரில் வரிசையாக முட்டி போட்டு, சேற்றைக் கையால் துழாவிக்கொண்டே நகர்வார்கள். அகப்பட்ட இறாலைப் போட ஆளுக்கொரு ஓலைப் பறி. அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பதால் யாரும் பேச முடியாது. அதற்காக அவர்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பக்கத்து ஆளை நெருங்குகிறவர் உள்ளங்கையால் தண்ணீரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டினால் அங்கே ஆள் இருக்கிறது. சத்தமில்லை என்றால் ஆள் இல்லை. தட்டாமல் நெருங்குவதைப் பச்சைப்பிள்ளைகூடச் செய்யாது என்பான் பெரியசாமி.

ஹெவி லைசென்ஸுக்கு எட்டாவது படித்திருக்க வேண்டும் என்ற விதியை எடுத்த பிறகுதான் அவன் என்னிடம் வந்தான். அப்போது நாற்பத்தொரு வயது. அதுவரை செங்கல் சூளையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன். அவர்கள் ஊரில் அதற்கு முன் யாரிடமும் ஹெவி லைசென்ஸ் இருந்ததில்லை. எங்கள் பயிற்சி லாரியில் அப்போது கிளீனராக இருந்தவர் அந்தோணிசாமி, ஐம்பது தாண்டியவர். ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் பின்னால் நின்று பாடியைத் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் வரலாம், ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும். மற்றவர்கள் அந்தச் சத்தத்தில் பதறிப்போய் சுவரில் இடிப்பார்கள். பெரியசாமி தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே, சுவருக்கும் வண்டிக்கும் ஒரு விரல் இடைவெளியில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"இன்னா ஜெரோமு, இவன் காதால வண்டி ஓட்றான்?" என்றார் அந்தோணிசாமி.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் முதல் தடவையிலேயே பாஸ் போட்டார். லைசென்ஸ் அட்டையைப் பெரியசாமி ஒரு நகல் எடுத்து, கண்ணாடி போட்டு, வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். ஊரே வந்து பார்த்தது.

ஜல்லி ஏற்றும் டிப்பர் ஒன்றில் வேலை கிடைத்தது. அந்தோணிசாமியையும் கிளீனராகக் கூட்டிக்கொண்டான். வலப்பக்கம் இவன் பார்ப்பான், இடப்பக்கம் அவர் பொறுப்பு. கதவில் அவர் கை விழுந்தால் இவன் கால் பிரேக்கில் விழும். நாலு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் இல்லை. போன வருஷம் அந்தோணிசாமிக்கு முட்டி போய்விட்டது. முதலாளி வேறு கிளீனர் போடவில்லை. பின்னால் கேமரா மாட்டிக் கொடுத்துவிட்டு, இனி உனக்கு எதற்கு ஆள் என்று சொல்லிவிட்டார்.

ஹெவி லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும். அதற்கு டாக்டர் சான்று வேண்டும். அவன் தவணை வருவதற்கு ஒரு மாதம் முன்பு, காலையில் அவன் மனைவி ஜமுனா என் ஆபீசுக்கு வந்தாள். ஈரப் புடவை முழங்காலில் ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அண்ணா, அவுருக்கு லைசென்சு போடாதீங்க."

"இன்னாம்மா, வீட்ல சண்டையா?"

"சண்டை இல்லண்ணா. அவுருக்கு இந்தப் பக்கம் தெரியல." தன் இடது காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினாள். "ஞாயித்துக்கெழமைல எங்க கூட ஏரிக்கு வருவாரு. நான் எப்பவும் அவுருக்கு இந்தப் பக்கம்தான். ரெண்டு வாரமா தட்டாம பாத்தேன். பக்கத்துல போயி மூஞ்சிகிட்ட கைய ஆட்னேன். மனுஷன் பாட்டுக்குத் துழாவிகினு இருக்காரு. தட்னாதான் திரும்புறாரு."

"நீ அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்டா, அதான் காது நல்லா கேக்குது இல்லங்கிறாரு." அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "யாரையாவது ஏத்திட்டாருன்னா இன்னாண்ணா பண்றது? நான் வந்து சொன்னேன்னு சொல்லாதீங்க."

மறுநாளே அவனை வரவழைத்து, பேச்சுக்கொடுத்துவிட்டு, அவன் பதில் சொல்கிறபோதே சத்தமில்லாமல் அவன் இடப்பக்கம் போய் நின்றேன். சாவிக்கொத்தை நீட்டினேன். அவன் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். சாவியை ஆட்டிச் சத்தம் வந்ததும் சட்டென்று திரும்பிச் சிரித்தான்.

"கண் ஆஸ்பத்திரிக்குப் போ, பெரியசாமி."

"போனா எழுதிக் குடுத்துடுவாங்கண்ணா. அப்புறம் லைசென்சு எங்க? மறுபடியும் சூளையா?"

"அதுக்காக?"

"நேரா நல்லா தெரியுதுண்ணா. போர்டுலாம் தூரத்துலயே படிக்கிறேன். வேணும்னா டாக்டரு பாத்துச் சொல்லட்டும்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். அவர் கண்டுபிடித்துவிடுவார், பழி அவர்மேல் போகும், நான் நல்லவனாகவே இருந்துவிடலாம். என் யோக்கியதை அவ்வளவுதான்.

சான்று வாங்கப் போன இடத்தில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி, கடைசி வரி வரை தட்டுத்தடங்கல் இல்லாமல் படித்தான். நிறங்களைச் சரியாகச் சொன்னான். எல்லாம் நேர் எதிரே இருந்தன. பக்கவாட்டில் எதையும் யாரும் காட்டவில்லை.

"பார்வை நல்லா இருக்கு. வேற ஏதாவது தொந்தரவு உண்டா?" என்றார் டாக்டர்.

பெரியசாமி என்னைத் தேடினான். நான் அவனுக்கு இடப்பக்கம் இருந்தேன். அதனால் தலையை முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

"இல்லீங்க" என்றான்.

விண்ணப்பத்தில் இருந்த கேள்விகளுக்கு வழக்கம்போல நான்தான் பதில் எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டான். அன்று ராத்திரி ஜமுனாவிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. எடுக்கவில்லை.

பத்து நாளில் புது அட்டை தபாலில் வந்தது. அவன் ஊருக்குத் தபால் ஒழுங்காகப் போகாது என்று என் ஆபீஸ் விலாசத்தைத்தான் கொடுத்திருந்தோம். ஒரு நாள் முழுக்க மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பிற்பகல் மூன்றரை மணிக்கு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். ஜமுனா எதிரிலேயே அவனிடம் பேசி, அட்டையை ஆர்.டி.ஓ. ஆபீசில் திருப்பி ஒப்படைக்கச் சொல்லுவதாக உத்தேசம். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

காட்டூரைத் தாண்டி ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் அவன் டிப்பரே நின்றுகொண்டிருந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கு வழி விட்டு நிற்கிறான் போல. நான் இடப்பக்கமாக முன்னே போய், கிளீனர் பக்கக் கதவுக்கு நேராக வண்டியை நிறுத்தினேன். இடது கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. என்னைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. கையை உயர்த்தினேன். முகத்தில் ஒரு சலனம் இல்லை. இடது இண்டிகேட்டர் எரிந்தது. லாரி என்மேல் திரும்ப ஆரம்பித்தது.

பைக்கைப் பின்னால் தள்ள இடமில்லை. ஓரத்தில் வாய்க்கால். முன்சக்கரம் என் காலை நெருங்கியபோது, உள்ளங்கையால் கதவில் ஓங்கி அறைந்தேன்.

லாரி அந்தக் கணமே நின்றது. பெரியசாமி வலப்பக்கமாக இறங்கி, முன்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தான்.

"அட, நீங்களாண்ணா. நல்லவேளை தட்டுனீங்க."

கையைக் கதவிலிருந்து எடுக்காமலே கேட்டேன், "தட்டலைன்னா?"

"தட்டாம யாருண்ணா பக்கத்துல வருவாங்க?"

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் சூரியன் வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னான். ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டேன். பையில் இருந்த அட்டையை எடுக்காமல், "பெரியசாமி, உன் லைசென்சை நான் குடுக்கப் போறதில்ல" என்றேன்.

"நீங்களே வெச்சிகோங்கண்ணா. நேத்தே போன்ல வந்துடுச்சி. போலீஸ்காரன் கேட்டா அதக் காட்னா போதுமாம்." போனை எடுத்துக் காட்டினான். அதில் அவன் போட்டோ சிரித்தது. பிறகு என் தோளைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தான். "லோடு கெடக்குதுண்ணா. சாயங்காலம் வூட்டுக்கு வாங்க, ஜமுனா இறால் வெச்சிருக்குது."

லாரி திரும்பியது. அந்தப் பக்கம்தான் பள்ளிக்கூடம். மணி அடித்திருந்தது. ரோட்டின் இடது ஓரமாக, பையை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். லாரியைத் தட்டும் வழக்கம் அவர்களில் யாருக்கும் இல்லை.

பைக்கைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தேன். லாரிக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே வண்டியை நுழைத்து, ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பாடியைத் தட்டிக்கொண்டே போனேன். கடைசிப் பிள்ளை தாண்டும் வரை தட்டினேன். உள்ளே அவனுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது; லாரி வலப்பக்கமாக ஒதுங்கியே போனது. சந்தோஷமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

ஓரமாக நிறுத்தி அட்டையை எடுத்துப் பார்த்தேன். 2030 வரை செல்லும் என்று போட்டிருந்தது. நாளைக்கும் நாலு மணிக்கு அந்தப் பள்ளிக்கூடம் விடும்.