தேயிலை மலையில் புதைத்த ஜட்டிகள்

மண்ணில் நுண்ணுயிர்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கின்றன என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பருத்தித் துணியைப் புதைத்துவைத்து, பிறகு தோண்டி, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஆய்வில் அந்தத் துணி, ஆண்கள் அணியும் வெள்ளை ஜட்டி.

வாங்குவதற்கு நானும் உடன் வேலை செய்த தோழியும் மஸ்கெலியா கடைவீதிக்குப் போனோம். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

"சுத்தப் பருத்தியா வேணுங்க. எல்லாம் ஒரே சைஸ்," என்றேன்.

கடைக்காரர் பெட்டியை இறக்கினார். "போடுறவரு ஒல்லியாம்மா, குண்டா?"

"மண்ணுக்குங்க," என்று தோழி சொல்லிவிட்டாள்.

"மண்ணுக்கா?"

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. காசைக் கொடுத்துவிட்டு ஓடிவந்து பஸ் ஏறினோம், ஒவ்வொரு வளைவிலும் அவள் "ஒல்லியா, குண்டா?" என்று காதில் கேட்டுக்கொண்டே வந்தாள்.

தோட்டத்தில் இரண்டு மலைகளைத் தேர்ந்தெடுத்திருந்தோம். ஒன்றில் வருடக்கணக்காகக் களைகொல்லி அடித்து மண் வெறுமையாகக் கிடந்தது. மற்றதில் மாட்டெருவும் வெட்டிய புல்லும் போட்டு மூடியிருந்தார்கள். இரண்டிலும் ஜட்டிகளைப் புதைத்து, குச்சி நட்டுவைத்தோம்.

இரண்டு மாதம் கழித்துத் தோண்டியபோது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். களைகொல்லி மலையில் ஜட்டி முழுசாக வெளியே வந்தது. ஓர் அக்கா அதை உதறித் தூக்கிப் பிடித்தார். "அலசிப் போட்டா எங்க வீட்டுக்காரருக்கு ஆகும் மிஸ்!"

அடுத்த மலையில் மண் புட்டு மாதிரி உதிர்ந்தது. தோண்டினேன், துழாவினேன். இடுப்பு எலாஸ்டிக் மட்டும் கையில் வந்தது.

"அடியாத்தி, முழுங்கிருச்சே!" என்றார் அந்த அக்கா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நுண்ணோக்கியில் புள்ளிகளாகப் பார்த்த உயிர்கள் ஒரு முழு ஜட்டியைத் தின்று தீர்த்திருந்தன! எலாஸ்டிக்கை வளையல்போல் மாட்டிக்கொண்டு, சேற்றுக் காலோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அப்போதுதான் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை பைக்கில் வந்து இறங்கினார். பெண்கள் சட்டென்று கொழுந்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோழி முகத்தை இறுக்கிக்கொண்டு, எரு போட்ட மண்ணில் நுண்ணுயிர்கள் அதிகமாக வேலை செய்கின்றன என்று விளக்கினாள். அவர் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பங்களா காய்கறித் தோட்டத்துலயும் ஒண்ணு பொதைச்சுப் பாருங்களேன்," என்றார் கடைசியில். பிறகு, கொஞ்சம் தயங்கி, "புதுசுதான் வேணுமா?"

தோழி அப்படியே பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருந்த கானுக்குள் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கிவிடக் குனிந்த நானும் எழுந்திருக்க முடியாமல் அவள்மேலேயே விழுந்து சிரித்தேன்.