துரையின் படம் இறங்கிய ஞாயிறு

எங்கள் சபையின் நூற்றாண்டு மலருக்காகப் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது, கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரத் துரை எழுதிவைத்த உத்தரவு ஒன்று கிடைத்தது. எங்கள் சாதிக்காரர்கள் பின்னால் பாயில் உட்கார வேண்டும். செத்தால் கல்லறைத் தோட்டத்தின் குறுக்குச் சுவருக்குப் பின்னால்தான் புதைக்க வேண்டும். யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். இரண்டே நாளில் துரையைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டார்கள். செத்தவனைத் திட்டுவதில் ஒரு சௌகரியம், திருப்பிப் பேசமாட்டான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் நாற்காலி போட்டு ஏறித் துரையின் படத்தைக் கழற்றினார். பட்டுச்சேலை வியாபாரி, பரம்பரையாக முன்வரிசைக் குடும்பம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் உள்ளங்கை எரியத் தட்டினேன்.

சேவூர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். படுத்த படுக்கையாக இருந்தவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ என்னை முன்னால பொதைப்பாங்களா? பின்னால பள்ளம்டி. உங்கப்பாவ தண்ணியிலதான் எறக்குனாங்க."

"முன்னாலதாம்மா," என்றேன். டீச்சர் வேலை பார்க்கிறவளுக்கு இவ்வளவு அசட்டு நம்பிக்கை இருந்திருக்கக் கூடாது.

ஐப்பசி மழையில் அம்மா போய்விட்டாள். செயலாளர் வீட்டுக்குப் போய், சுவருக்கு முன்னால் இடம் கேட்டேன்.

"துரை செஞ்சது தப்புன்னுதான் ஒத்துக்கினோமே டீச்சர், இன்னும் இன்னா? முன்னால எங்க குடும்பத்துக் கல்லறைங்க இருக்குது. இப்போ போய் அதைக் கெளப்புனா பேஜாரு. வீட்ல பொணத்த வெச்சிகினு பேசுற பேச்சா இது? ஜல்தியா ஆக வேண்டியதப் பாருங்க."

மனுஷன் படத்தைத்தான் கழற்றியிருக்கிறார், உத்தரவை அல்ல. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சண்டை போட்டிருக்க வேண்டும். சந்தவாசலிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வீட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்றார்கள். "விடும்மா, எங்க பொதைச்சா இன்னா," என்றார் மாமா. விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

சுவருக்குப் பின்னால், குழிக்குள் நின்று இரண்டு பேர் பக்கெட்டால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. செயலாளர் குடை பிடித்தபடி, நம் சபையில் இனி எல்லோரும் சமம் என்று உருக்கமாகப் பேசினார். பெட்டியை இறக்கினார்கள். முதல் பிடி மண்ணை என்னைப் போடச் சொன்னார்கள். போட்டேன். மண் விழுந்த சத்தம் கேட்கவில்லை, தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.