மூக்குத்திக்கு மட்டும் வெள்ளை

காலை ஒன்பது மணிக்கு எதிர்வீட்டு மஞ்சள் சுவரில் விழும் வெயில், அங்கேயே நின்றுவிடாமல் திரும்பி எங்கள் டாலிகஞ்ச் வீட்டு "பாராந்தா"வுக்குள் வரும். உருக்கிய நெய்யின் நிறத்தில், சூடே இல்லாமல், சிமெண்டுத் தரையிலும் அரிவாள்மணையிலும் கீரை ஆயும் அம்மாவின் முகத்திலும் ஒன்றுபோல் விழுந்து, அரைமணி நேரத்தில் போய்விடும். வராந்தாவை வங்காளிகள் அப்படித்தான் சொல்வார்கள், நாங்களும் அதையே சொல்லிப் பழகியிருந்தோம்.

அப்பாவின் துறைமுக அலுவலக வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா நல்ல கறுப்பு. இன்று நான் எழுதுவதுபோல் அதை அன்று யாரும் சாதாரணமாகச் சொன்னதில்லை. ஹவுராவிலிருந்து வரும் அத்தை, "கறுப்பா இருந்தாலும் எங்க மதினி களையா இருப்பா" என்று புகழும்போதெல்லாம், அந்தப் புகழை அவள் பைக்குள்ளேயே போட்டுத் திருப்பியனுப்பிவிடலாம் போலிருக்கும் எனக்கு.

கூடத்தில் தொங்கிய கல்யாணப் படம் இன்னும் மோசம். படமெடுத்த ஸ்டுடியோக்காரர் "டச்சப்" என்ற பெயரில் தூரிகையால் அம்மாவின் முகம் முழுக்க வெள்ளைச் சாயத்தை அப்பி, அப்பாவின் பக்கத்தில் யாரோ ஒரு சுண்ணாம்புக்காரியை நிறுத்தியிருந்தார். அப்பாவோடு வேலைபார்த்த ஒருவர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்க மொத சம்சாரமா சார்?" என்று கேட்டேவிட்டார். முறுக்குத் தட்டை அவர் முன்னால் வைத்த அம்மா, "நாந்தான் அது" என்றாள். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. தெரு கிளப்பில் பிள்ளைகளை வரிசையாகத் தரையில் உட்காரவைத்துப் படம் வரையச் சொல்லும் "போஷே ஆங்கோ" போட்டியில், ஒன்பது வயதில், அம்மாவை வரைந்தேன். கிரேயான் பெட்டியில் தோல் நிறம் என்றே பெயர் போட்டு ஓர் இளஞ்சிவப்புக் குச்சி இருக்கும். அதை எடுத்துத் தேயத் தேயத் தீட்டி, மூன்றாம் பரிசும் வாங்கிவந்தேன். அம்மா அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டு, "யாருட்டி இவ? நல்லாத்தான் இருக்கா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை, ஏனென்றுதான் தெரியவில்லை.

எங்களுக்கு மேல்மாடியில் ஷிப்ரா தீதி, அதாவது ஷிப்ரா அக்கா, இருந்தாள். ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம். ஆண்டுக் கண்காட்சிக்கு ஒரு மனித முகம் வேண்டும், அதில் வெளிச்சம் நிற்கவேண்டும் என்று ஊரெல்லாம் தேடி அலைந்தவள், பூஜை விடுமுறையில் ஒருநாள் காலை எங்கள் வாசலைக் கடக்கும்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்துப் படியிலேயே நின்றுவிட்டாள். "பௌதி, எனக்காக நீங்க உக்காரணும்" என்று வங்காளத்தில் கெஞ்சினாள். வங்காளிகளுக்கு அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் "பௌதி", அண்ணிதான். வேறு சிவத்த பெண்ணாகப் பார்க்கச் சொல்லி மூன்று நாள் மறுத்தாள் அம்மா. நாலாம் நாள் அப்பா சொன்னார்: "உக்காரேன். இந்த வீட்ல ஒன் மொகத்தோட ஒரு படமாவது இருக்கட்டும்." அம்மா எழுந்துபோய்ப் பவுடர் டப்பாவைத் திறந்தாள்.

கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவள்போல் வந்து உட்கார்ந்த அம்மாவைப் பார்த்ததும் ஷிப்ரா தீதி தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். "பவுடர் ஆலோ கேயே நேய், பௌதி!" பவுடர் வெளிச்சத்தைத் தின்றுவிடுமாம். முகத்தைக் கழுவி, தினமும் தடவுகிற தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு வரச்சொன்னாள். விடுமுறை முழுக்க, தினம் அந்த அரைமணி நேரம் அம்மா அசையாமல் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்பிளந்தேன். அம்மாவின் கறுப்புக்குள் இத்தனை நிறமா! நெற்றியில் ஊதா, கன்னக்குழிவில் பாசிப்பச்சை, தாடைக்கடியில் செங்கல் சிவப்பு, மூக்குத்தண்டில் எதிர்வீட்டுச் சுவரின் மஞ்சள். வெள்ளைச் சாயக் குழாயை மட்டும் ஷிப்ரா தீதி திறக்கவே இல்லை. கடைசி நாள் திறந்தாள். கடுகளவு எடுத்து, மூக்குத்தியில் ஒரு புள்ளி வைத்தாள். அவ்வளவுதான், படத்திலிருந்த முகம் மொத்தமும் சுடர் ஏற்றினதுபோல் ஆகிவிட்டது.

கண்காட்சி டிசம்பர் குளிரில் நடந்தது. கிளம்பும்போது வழக்கம்போலப் பவுடர் டப்பாவை எடுத்த அம்மா, கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்று, திறக்காமலே வைத்துவிட்டு எண்ணெய் முகத்தோடு வந்தாள். கல்லூரிக் கூடத்தில் அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம். அதில் நின்ற ஒரு வயதான அம்மாள் தற்செயலாகத் திரும்பி, வாசலில் நின்ற எங்களைப் பார்த்து, "இதோ, இவங்கதான்!" என்று வங்காளத்தில் கூவிவிட்டாள். கூடம் முழுக்கத் திரும்பியது. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கப்போன அம்மா, என்ன நினைத்தாளோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள், ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். கல்யாணப் படத்தில் யாருக்கும் அடையாளம் தெரியாத என் அம்மாவை, முன்பின் பார்த்திராத ஒருத்தி அத்தனை தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிட்டாள்! எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அதுவரை பெருமைப்படாததற்கு வெட்கமாகவும் இருந்தது.

எங்களோடு வந்திருந்த ஹவுரா அத்தை படத்தையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்து, "ஆத்தாடி! இவ்வளவு வெளிச்சம் ஒனக்கு எங்க இருந்து வந்துது மதினி?" என்றாள்.

"எதுத்த வீட்டுச் சுவத்துல இருந்து" என்றாள் அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பஸ்ஸில் வீடு வரும்வரை அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வந்ததும் முதல் வேலையாக என் மூன்றாம் பரிசைச் சமையலறைச் சுவரிலிருந்து கிழித்தெடுத்தேன்.

ஷிப்ரா தீதி பரிசாகக் கொடுத்த அந்தப் படம் இன்றும் எங்கள் கூடத்தில், கல்யாணப் படத்துக்கு நேர் எதிரே தொங்குகிறது. ஆனால் தெருவுக்கு அந்தப்பக்கம் அந்த மஞ்சள் சுவர் இல்லை. அந்த வீட்டை இடித்து ஏழுமாடி கட்டிவிட்டார்கள், ஒன்பது மணி வெயில் இப்போது வருவதில்லை. என் மகளின் கிரேயான் பெட்டியில் தோல் நிறம் என்ற பெயரையும் காணோம். போன மழைக்காலத்தில் கல்யாணப் படத்துக்குள் ஈரம் இறங்கிவிட்டதென்று சட்டத்தைப் பிரித்தேன். கண்ணாடியைத் தூக்கியபோது அம்மாவின் முகத்திலிருந்த வெள்ளைச் சாயம் மொத்தமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடியில், இத்தனை வருஷம் காத்திருந்த இருபத்தொரு வயதுக் கறுப்புப் பெண், மூக்குத்தி மின்ன நின்றுகொண்டிருந்தாள்.

அம்மாவைக் கூப்பிட்டேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை ஜன்னலோரம் தூக்கிப்பிடித்து, வெகுநேரம் பார்த்தாள்.

"அன்னைக்கே சொன்னேம்லா, நாந்தான் அதுன்னு."