கடைசிச் சீட்டுக்காரர்

“...அப்போ இதுல ஏறிகினு கீறதெல்லாம் இன்னா மச்சான், வெறும் காத்தா?” என்று மாமா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் நாலு லட்சத்துச் சொச்சம், பச்சை நிறத்தில். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் ஏறியது.

மாமா என்றால் என் அக்கா புருஷன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். கம்பெனியை வேறு ஊருக்கு மாற்றியபோது ஆட்களுக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். வந்த பணத்தில் ஒரு லோடு ஆட்டோ வாங்கி ஓட்டுவது என்று முடிவு. காட்டுப்பாக்கத்தில் ஒருவர் தன் பழைய வண்டியைக் கொடுக்கத் தயாராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் வராவிட்டால் பாடியில் இருக்கிற இன்னொரு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அதே ஞாயிறு ஆறு மணிக்குள் கிரிப்டோ காயின் ஆப்பில் ஐந்து லட்சம் போட்டால் ‘கோல்டு’ மெம்பர், போட்டது இரண்டு மாதத்தில் இரட்டிப்பு என்று மாமாவின் வாட்ஸ்அப் குரூப்பிலும் சொல்லியிருந்தார்கள். கையில் இருப்பது ஒரே பணம். வண்டியா, காயினா?

“நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு” என்று அக்கா அந்த ஞாயிறு காலையில் போன் செய்தாள். ஆவடியில் நான் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்றுகிறவனுக்கு உள்ளே ஓடுகிற பணமும் தெரியும் என்று ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. பஞ்சர் ஒட்டுகிறவனிடம் இந்த வண்டி எந்த ஊருக்குப் போகும் என்று கேட்கிற மாதிரி. ஆனால் கடையில் உட்கார்ந்தால் காதில் விழாதது எது? பூக்கார அம்மா ஒருத்தி சார்ஜர் வாங்க வந்தபோது சொன்னாள்: “அது ராத்திரியில கூட ஏறுதாம்பா, நாமதான் தூங்கிகினு கீறோம்.” ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர் சொன்னது இன்னும் மனதில் ஓடுகிறது. பயம் இரண்டு விதமாம். நம்முடையது போய்விடுமோ என்பது ஒன்று. எல்லாருக்கும் வந்து நமக்கு மட்டும் வராமல் போய்விடுமோ என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் ஆளைத் தூங்கவிடாது என்றார்.

எனக்கும் அந்த இரண்டாவதுதான். கொரட்டூரில் அக்கா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் பைக் ஒரு சீராக ஓடவில்லை, மனசும் ஓடவில்லை. காயின் என்பதே பொய் என்று சொல்லிவிட முடியாது. என் கடைக்கு வருகிறவர்களில் இரண்டு மூன்று பேர் அதை வாங்கி விற்கிறார்கள். ஒரு வாரம் சிரித்துக்கொண்டு வருவார்கள், மறுவாரம் டெம்பர் கிளாஸ் போடக்கூட யோசிப்பார்கள். அவர்கள் பணம் ஏறும், இறங்கும், கேட்டால் பேங்குக்கு வரும். மாமாவுடைய ஆப்பில் விலை ஒரு நாள்கூட இறங்கியதில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. பிளே ஸ்டோரில் அது கிடையாது, குரூப்பில் வந்த லிங்கில் இறக்கியது. பணம் அனுப்பச் சொல்லும் கணக்கும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் பேரில். இவ்வளவு தெரிந்தும் ஒரு பக்கம் உதறல். நான் தடுத்து, அது நிஜமாகவே இரட்டிப்பாகிவிட்டால்? பொங்கலுக்குப் பொங்கல் என்னை நடுவில் உட்காரவைத்துப் பேசுவார்களே.

மாமா முட்டாள் இல்லை. முதலில் கொஞ்சம் போட்டார், அதில் இரண்டாயிரத்தை எடுத்துப் பார்த்தார், வந்தது. அந்தப் பணத்தில் எங்கள் எல்லாருக்கும் பிரியாணி வாங்கித் தந்தார். லெக் பீஸோடு நானும் சாப்பிட்டேன். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றரை லட்சம் வரை போட்டார், திரையில் அது நாலு லட்சமாகியும் ஒரு ரூபாய் எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்றால், அங்கேதான் எங்கள் வீட்டுப் பழக்கம் வருகிறது. அக்காவும் மாமாவும் கல்யாணம் ஆனதிலிருந்து ஏலச் சீட்டுக் கட்டுகிறவர்கள். அவசரக்காரன் தள்ளிக் கேட்டு, குறைத்துக்கொண்டு முன்னாலேயே எடுத்துப் போவான். பொறுத்திருந்து கடைசியில் எடுக்கிறவனுக்குத் தள்ளு கிடையாது, கமிஷன் போக முழுசாக வரும். மாமா ஒரு சீட்டைக்கூட நடுவில் எடுத்ததில்லை. கேஸ் ஸ்டவ், பீரோ, தன் தங்கச்சி கல்யாணத்துக்குச் செய்த சீர், எல்லாம் கடைசிச் சீட்டில் வந்ததுதான். தெருவில் அவருக்கு அதில் ஒரு பேர் உண்டு. அந்தப் பொறுமையை அப்படியே கொண்டுபோய் ஆப்பில் வைத்துவிட்டார். நடுவில் எடுப்பது அவருக்கு ஏதோ கௌரவக் குறைச்சல்.

மதியம் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் பேச்சை எடுக்கவில்லை. காட்டுப்பாக்கத்து வண்டிக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். மாமா இதோ வரேன், இதோ வரேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அவருக்கு ரசம் ஊற்றிவிட்டு, கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்தபடி நின்றாள். கடைசியில் நான்தான் கேட்டேன். ஐந்து லட்சம் போடுவதற்கு முன்னால், உள்ளே இருப்பதில் பாதியை எடுத்துப் பார்த்தால் என்ன?

பாதியில் எடுத்தால் குரூப்பில் மரியாதை போய்விடும் என்றார் மாமா.

“மரியாதையா? ரேஷன் கடையில நிக்கிறப்போ உன் மரியாதைய எவன் பாக்குறான்யா? எடு” என்றாள் அக்கா.

மாமா ஆப்பில் பாதிப் பணத்தை எடுக்கச் சொல்லி அழுத்தினார். சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா தட்டுகளைக் கழுவி முடித்துவிட்டாள். அப்புறம் குரூப்பை நடத்துகிற மேடத்திடமிருந்து மெசேஜ் வந்தது. அந்த மேடத்தை யாரும் பார்த்ததில்லை. படத்தில் கோட் போட்டுக்கொண்டு, ஏதோ கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் நிற்பார். பணம் தயாராக இருக்கிறதாம். எடுப்பதற்கு முன் வரி அறுபதாயிரம் மட்டும் கட்டவேண்டுமாம், ஆறு மணிக்குள்.

மாமா முகத்தில் ஒரு தெளிவு வந்தது. “பாத்தியா மச்சான், வரியெல்லாம் கரீட்டா கேக்குறாங்க. திருட்டுப் பசங்கன்னா வரி கேப்பாங்களா?” என்று அறுபதாயிரம் அனுப்பத் தயாராகிவிட்டார். அனுப்பவேண்டிய கணக்கு இந்த முறையும் புது ஆள் பேரில்தான். நான் அதைச் சொன்னேன். ஸ்டோரில் இல்லாததைச் சொன்னேன், விலை இறங்காததைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது.

அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அதட்டவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“ஏன்யா, நாம எடுத்த சீட்டுக்கெல்லாம் கமிஷன் குடுத்தோம் இல்ல? அத அவங்க கழிச்சிகினு தானே மீதிய குடுத்தாங்க? எந்தச் சீட்டுக்கு நீ கையிலர்ந்து கட்டிட்டு எடுத்த?”

மாமாவின் கட்டைவிரல் திரையிலிருந்து விலகியது. அந்த அறுபதாயிரத்தை உள்ளே இருக்கிற நாலு லட்சத்தில் கழித்துக்கொண்டால் என்ன என்று அவருக்கு அதுவரை தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. கழிக்க அங்கே ஏதாவது இருந்தால்தானே கழிப்பார்கள்? அப்போதுதான் அவர் போனை நீட்டி, அப்போ இதெல்லாம் காற்றா என்று என்னிடம் கேட்டது.

மாமாவே போனைத் திருப்பி வாய்க்குப் பக்கத்தில் வைத்து மேடத்துக்குக் குரல் பதிவு அனுப்பினார். மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், வரிய அதுலயே கழிச்சிகினு மீதிய குடுங்க. அறுபதுக்கு எழுபதா வேணாலும் கழிச்சிக்கோங்க.”

கேட்டுவிட்டார்கள் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ‘உங்களைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்’ என்று காட்டியது. ஆப்பைத் திறந்தால் அந்த நாலு லட்சம் அப்படியே இருந்தது, இன்னும் ஏறிக்கொண்டும் இருந்தது. எதையும் அழிக்க வேண்டாம், நாளைக்கு சைபர் கிரைமில் புகார் கொடுக்கலாம் என்றேன். காதில் வாங்கினாரா தெரியவில்லை.

வண்டிக்காரரிடமிருந்து மறுபடி போன். இந்த முறை மாமா எடுத்து, “கெளம்பிட்டேன்” என்று மட்டும் சொன்னார். ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பீரோவைத் திறந்து ஏடிஎம் கார்டைப் பையில் போட்டார். ஆப்பை இன்னொரு தடவை திறந்து பார்த்தார். அப்புறம் போனை டிவி பக்கத்தில் சார்ஜில் மாட்டி, கவிழ்த்து வைத்துவிட்டு, என் பைக்கின் பின்னால் வந்து உட்கார்ந்தார்.