ராணியின் கயிற்றைப் பிடித்த செண்பகம் அக்கா

இந்த ராத்திரி நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். மகள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். இரண்டு நாளாகக் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே என் கை ஓய்ந்துவிட்டது. காலையில் எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் இந்த வாரமும் போய்விடும்.

செண்பகம் அக்கா இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தென்காசியில் கால்நடைப் பராமரிப்புப் பயிற்சிக்கு வரும் மாணவர்களைச் சனிக்கிழமைகளில் குற்றாலத்துக்கு அழைத்துப்போய், குதிரையின் காதையும் காலையும் வாலையும் பார்த்து அதற்கு என்ன வேண்டும், என்ன பிடிக்கவில்லை என்று அறியச் சொல்லிக்கொடுத்தவர். அந்த வகுப்பில் நின்ற எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். வருகிற சனிக்கிழமை புது மாணவர்கள் வருகிறார்கள். வகுப்பை நடத்துவீர்களா, இல்லை பாடத்திலிருந்தே எடுத்துவிடலாமா என்று பயிற்சி மையத்தில், அக்காவுக்குத் துணையாக நின்ற என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

சுரண்டைச் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது மாடசாமி அண்ணாச்சியின் போன் வந்தது. சீசனில் குற்றாலத்தில் குதிரைச் சவாரி விடுபவர். நம் வகுப்புக்கு வரும் ராணி அவருடைய பெண் குதிரைதான்.

"டீச்சர் போயிட்டாவம்மா" என்றார்.

"ராணி உதைச்சிட்டுதா அண்ணாச்சி?" என்றுதான் முதலில் என் வாயில் வந்தது.

"ஏம்மா, எம் பிள்ளைய இப்படிச் சொல்லுத? நெஞ்சு வலிம்மா. டீ போட எந்திரிச்சாவளாம், அங்கனயே சரிஞ்சிட்டாவளாம்."

அந்த அழுகையிலும் அவர் ராணிக்காகப் பரிந்து பேசினார். அக்கா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

முதல் ஒரு மணி நேரம் யாரும் ராணியைத் தொடக் கூடாது என்பது உங்களுக்கு மறந்திருக்காது. பத்தடி தள்ளி நின்று, கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். 'சாது', 'கோபம்', 'பாவம்' என்று எழுதினால் அக்கா அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார். காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, மூக்குத் துவாரம் இறுகியிருக்கிறதா, எந்தக் கால் தரையில் அழுந்தவில்லை, அவ்வளவுதான். ஒருமுறை ஒரு மாணவன் எண்ணெய்க் குளியல் முடித்த கையோடு வந்துவிட்டான். ராணி மேலுதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டியது.

"டீச்சர், என்னையப் பாத்துச் சிரிக்கி!"

"சிரிக்கலலே. ஒம் மேல நாறுதது என்ன எண்ணெய்னு மோந்து பாக்கு. நீ அழகன்னு எழுதிராத."

அந்தப் பையன் இன்று ஆலங்குளம் பக்கம் வேலை பார்க்கிறான். இதைப் படித்தால் அவனுக்கே தெரியும்.

சாரல் விடாமல் பெய்த ஒரு சனிக்கிழமை, சேணத்தின் வயிற்றுப் பட்டையை இறுக்கும்போதெல்லாம் ராணி காதைப் பின்னால் மடக்கிக் கழுத்தோடு ஒட்டவைத்தது. "திமிரு" என்றார் அண்ணாச்சி. அக்கா சேணத்தை இறக்கி, ஈரத் துணியைத் தூக்கினார். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. மாணவர்கள் அண்ணாச்சி மேல் பாயப் பார்த்தார்கள். அக்கா அவர்களைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு அவரிடம் மெதுவாகக் கேட்டார்: "நனைஞ்ச சட்டையோட நாள் பூரா மூட்டை தூக்குவீயளா அண்ணாச்சி?" புண் ஆறும்வரை ராணி சவாரிக்குப் போகவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அக்கா சொன்னதை நான் இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். "அவரத் திட்டிட்டு நாம ஊருக்குப் போயிருவோம். ராணி அவரோடதான இருக்கணும்?"

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டம்தான். வகுப்பில் எப்போதும் நாங்கள் இரண்டு பேர். கயிற்றைப் பிடிப்பவர் குதிரையை மட்டும் பார்க்க வேண்டும். மற்றவர் மாணவர்களை மட்டும் பார்க்க வேண்டும். என் வேலை இரண்டாவது. மகளை விட்டுவர ஆளில்லாத ஒரு நாள் அவளையும் கூட்டிப்போனேன். ராணி ஏதோ சத்தத்துக்குக் காதை நிமிர்த்தியது. அழகாக இருந்தது. நானும் குதிரையைப் பார்த்துவிட்டேன். அந்த நேரத்தில் பிள்ளை என் கையை விட்டு ராணியின் பின்னங்கால் அருகே போய் நின்றாள். குளம்பு தரையைவிட்டு எழும்பியது.

அக்கா கத்தவில்லை. "ராணி, ராணி" என்று அதே குரலில் பேசிக்கொண்டே அதன் தலையைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பினார். ராணியின் பின்பக்கம் பிள்ளையை விட்டு மறுபுறம் விலகியது. "பிள்ளையத் தூக்கு கோமதி. ஓடாத, நடந்து வா."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போய் நின்றேன். "நீயும் குதிரையப் பாத்துட்டட்டி" என்றார்.

அதன்பின் ஒன்றரை வருடமாக நான் போகவில்லை. மாணவர்களைப் பார்க்க ஆள் இல்லாமல் அக்கா தனியாகவே நடத்தினார். ஒருமுறை போனில், "மழைட்டி. எல்லாப் பயலும் குடையோட வந்து நிக்கான். படக்குனு விரிக்காதீயன்னு சொல்லிச் சொல்லித் தொண்டை போச்சு" என்றார். நீ வாயேன் என்பதுதான் அது. எனக்குப் புரிந்தது. குடைகளை முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னேன். "சரி, பிள்ளை சாப்பிட்டாளா?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: எல்லோரும் ஒரு பக்கம் பார்க்கும்போது, பார்க்கிறவர்களைப் பார்ப்பது. அருவிக்கரையிலும் கோயில் கூட்டத்திலும் இப்போது என் கண் அப்படித்தான் போகிறது. பயம் போகவில்லை. ஆனாலும் சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மகளைக் கீழப்பாவூரில் அத்தையிடம் விட்டு வருவேன். மாணவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கயிற்றைப் பிடிக்க உங்களில் ஒருவர் வேண்டும். தைரியசாலி வேண்டாம்; ராணியை விட்டுக் கண்ணை எடுக்காத ஒருவர் போதும். ஆள் கிடைக்காவிட்டால் வகுப்பு கிடையாது. தனியாக நடத்த நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வியாழக்கிழமைக்குள் அண்ணாச்சிக்குச் சொல்ல வேண்டும். வர முடியுமா, முடியாதா, எதுவானாலும் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.